நோயாளி சொன்ன சொல்லிலேயே எழுதட்டும்

கொங்கு மாவட்டங்களில் மனநலச் செவிலியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கமுங்க.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டில் செவிலியர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. வருசா வருசம் உங்கள் மாணவிகள் ரெக்கார்டு நோட்டும் கையுமாக எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். இந்த மடல் அவர்கள் மேல் புகார் இல்லை. அந்த நோட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சில வருசங்களுக்கு முன்னால் ஒரு மாணவியின் புராசஸ் ரெக்கார்டிங்கை, அதாவது நோயாளியும் அவளும் பேசியதைக் கட்டம் போட்டு எழுதும் பதிவை, சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள் வெள்ளாமை செய்கிற ஒருவரிடம் மூன்று நாளாகப் பேசி எழுதியிருந்தாள். நோயாளி சொன்னது என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: மருந்து சாப்பிட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு நேராக அவள் எழுதிய முடிவு: நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. கூப்பிட்டு, “அவரு வாயில வந்ததை அப்படியே சொல்லு கண்ணு” என்றேன். கண்ணை மூடி யோசித்துச் சொன்னாள்: “பேசாம மருந்தைக் குடிச்சுப்போட்டுப் போயிரலாம்னு இருக்குங்க அம்மிணின்னாருங்க சிஸ்டர்.”

சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது. அவள் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துப் பெண். காட்டுக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லியையும் நம் ஊரில் மருந்து என்றுதான் சொல்வார்கள், அதைக் குடித்துப்போடுவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் வீட்டுத் திண்ணையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிசமே ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டிருப்பாள். ஆனால் நோட்டில் எழுதும்போது மருந்து ‘மெடிசின்’ ஆகிவிட்டது. “அவரு பேசறப்பவே இது எந்த டெக்னிக்குன்னு யோசிச்சிட்டு இருந்தேனுங்க சிஸ்டர்” என்று அழுதாள்.

நான் நேரே அவரிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “உசுரை விட்டர்லாம்னு தோணுதுங்களாண்ணா?” என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று மாணவிகள் பயப்படுகிறார்கள். நேராகக் கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. இதை நீங்களே வகுப்பில் சொல்லித்தருகிறீர்கள். அவர் ரொம்ப நேரம் தரையையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: “ஆயிரம் அடி போட்டும் பொகைதானுங்க வந்துச்சு.” போர்வெல் கடன், மகள் கல்யாணம், எல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டாக்டரிடம் சொல்லிக் கண்காணிப்பைக் கூட்டினோம். தோட்டத்துச் சாளையில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை அப்புறப்படுத்தும்படி மகனிடம் சொன்னோம். ஆள் வீடு திரும்பினார்.

இதை எதற்காக இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் சனம் இந்த விசயத்தை மூடி மூடித்தான் பேசும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2017ஆம் வருசத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதன் 115ஆம் பிரிவு சொல்கிறது. வேறு விதமாக நிரூபிக்கப்பட்டால்தான் கதை மாறும். இது தெரியாத குடும்பங்கள்தான் அதிகம். அதனால் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். “எனக்கு எதுவும் ஆகறதில்லீங்க”, “அவங்கவங்க வழியைப் பாத்துக்குவாங்க”, “காட்டுப் பக்கம் போலாம்னு இருக்கு.” இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்றுமே இருக்காது.

‘வெசனம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டுகளில் அது வெறும் ‘சேட்’ (sad) என்று வருகிறது. வெசனம் என்பது துக்கமும் கவலையும் சேர்ந்து உள்ளே அரித்துக்கொண்டிருப்பது. மற்றவருக்காகவும் படுவது. “பையனை நெனச்சா வெசனமா இருக்கு” என்கிற தாயிடம் அடுத்த கேள்வி பையனைப் பற்றி இருக்க வேண்டும். ‘சேட்’ என்று எழுதிய மாணவி தூக்கம் எப்படி என்று கேட்கப் போய்விடுகிறாள்.

அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவை நீங்கள்தான் எங்களுக்கும் அறிமுகம் செய்தீர்கள். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சை என்று 1952இல் புத்தகம் போட்டவர். (1948லேயே எழுதி முடித்துவிட்டாராம். டாக்டர் ஒருவர் பெயரும் சேராமல் ஒரு நர்ஸ் புத்தகம் போடுவதா என்று இழுத்தடித்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு இது புதுசில்லை.) பெப்லா தன் மாணவிகளிடம் நோயாளி பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வரச் சொன்னார். புராசஸ் ரெக்கார்டிங்கின் உயிரே அதுதான். நாமோ முதல் வரியிலேயே மொழிபெயர்த்துவிட்டு, அதைச் சொன்னது சொன்னபடி என்று மார்க் போடுகிறோம்.

கேள்விகளும் இப்படித்தான். “நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?” என்று ஒரு மாணவி கேட்டபோது, தறி ஓட்டுகிற ஒரு பல்லடத்து அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மிணி என்ன கேக்குது?” என்றார். அதையே “மனசுக்குள்ள என்னங்க ஓடுது?” என்று கேட்டுப் பாருங்கள். ‘ஏன்’ என்று ஆரம்பிக்கும் கேள்வி நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் என்று பாடத்தில் இருக்கிறது, சரிதான். அதற்குப் பதில் என்ன கேட்பது என்பது மட்டும் தமிழில் இல்லை. “ஏன் மாத்திரை போடல?” என்பதை “மாத்திரை போட்டா உடம்புக்கு என்ன பண்ணுதுங்க?” என்று மாற்றினால், கை நடுங்குகிறது, தறியில் இழை எடுத்துக் கட்ட முடியவில்லை என்ற உண்மை வெளியே வரும்.

அப்புறம் அந்த ‘சோலர்’ (SOLER), நோயாளி முன்னால் எப்படி உட்கார்ந்து கேட்பது என்ற பாடம். நேருக்கு நேர் உட்காரு, கண்ணைப் பாரு, முன்னால் சாய்ந்துகொள் என்று அமெரிக்காக்காரர் ஜெரார்ட் ஈகன் எழுதியது அவர் ஊருக்குச் சரி. இருபது வயதுப் பெண் ஒருத்தி அறுபது வயது பெரியவர் முன்னால் முகத்துக்கு நேராக நாற்காலி போட்டுக் கண்ணைப் பார்த்தால் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். நம்மிடம் நெஞ்சுப் பேச்செல்லாம் திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி நடப்பது. எங்கள் வார்டு வராந்தா பெஞ்சில் அப்படி உட்கார்ந்தபோதுதான் அதிகம் பேசியிருக்கிறார்கள். கவனிக்கிறேன் என்று காட்ட வேறு வித்தை எதுவும் வேண்டாம். அப்பத்தா கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டுவோமே, அது போதும்.

காதில் குரல் கேட்கிறது என்பவரிடமும், சாமி வந்து பேசுகிறது என்பவரிடமும் மாணவிகள் ரொம்பத் தடுமாறுகிறார்கள். ஒன்று ஆமாம் போடுகிறார்கள், இல்லாவிட்டால் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். “எனக்குக் கேக்கலீங்க. உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுதுங்க, பயமா இருக்குங்களா?” இவ்வளவுதான். இதை வகுப்பிலேயே இரண்டு பேர் எதிரெதிரே நடித்துப் பழகட்டும், நம் பேச்சிலேயே.

மரியாதையைப் பற்றித் தனியாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சண்டை போடும்போதுகூட ‘ங்க’ போடுகிற ஊர் இது. ஆனால் எங்கள் வார்டுக்குள் வந்தால் மட்டும் வயதானவரும் ‘நீ, வா, போ’தான். மாணவிகள் அதை எங்களிடம் இருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். இந்தக் குற்றம் எங்களுடையது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. புராசஸ் ரெக்கார்டிங்கில் இன்னும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் நோயாளி பேசியது தமிழில், அவர் பேசிய உச்சரிப்பில். அடுத்த கட்டத்தில் ஆங்கிலம். பல்கலைக்கழகத் தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பது தெரியும், அது அப்படியே இருக்கட்டும். தமிழ்க் கட்டத்துக்கு மார்க்கே வேண்டாம், இருந்தால் போதும். உங்களிடம் படிக்கிற கேரளத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்பீர்கள். அவர்கள் கேட்ட சத்தத்தை மலையாள எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும், பக்கத்துப் படுக்கைக்காரர் பொருள் சொல்வார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்து நோயாளிகளாக வரும் வடக்கத்திப் பையன்களுக்கும் இதே முறைதான், இந்தியோ ஒடியாவோ தெரிந்த யாரையாவது பிடித்து அவர்கள் சொல்லை அப்படியே வாங்குவது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலேயே, அரசின் மனநல உதவி எண்ணில், பல மொழிகளில் பேச ஆள் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோபிப் பெண் இப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அந்தப் போஸ்டிங் முடிவதற்குள், நோயாளிகள் சொன்ன சொற்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வந்தவர்களும் அதில் எழுதியிருக்கிறார்கள். நர்சுகள் அறை அலமாரியில் இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குள் யாராவது வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
மனநல வார்டு செவிலியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்