மரம் நடாதீங்கன்னு சொன்ன கதை

அடியே வாத்து,

நல்லா இருக்கியா, அவரு, பசங்க எல்லாம் சௌக்கியமா. இங்க அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கு, வெயில் மண்டைய பொளக்குது, பலாப்பழம் ரோட்டோரம் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு, இங்கிலாந்துல இருக்கற உனக்கு குடுக்க முடியலியேன்னு வயித்தெரிச்சல்ல உன் பங்கையும் சேத்து நானே தின்னுக்கிட்டு இருக்கேன். விசாரிப்பு முடிஞ்சுது, இனிமே விஷயம்.

மே 1 கிராம சபையில நான் எந்திரிச்சு நின்னு மரம் நடாதீங்கன்னு சொல்லிட்டேன்டி.

சிரிக்காத. பிஎஸ்சி அக்ரி படிச்சவ, உரக்கடை வச்சிருக்கவ, மழை வேணும்னா மரம் வேணும்னு ஹாஸ்டல் சுவத்துல போஸ்டர் ஒட்டுனவ, இப்ப ஊரே திரும்பிப் பாக்குது. நம்ம ஹாஸ்டல் சோடாபுட்டிக்கு போன்ல சொன்னேன், அவ "உனக்கு வெயில் ஏறிடுச்சு, எலுமிச்சம்பழம் தேய்"ங்கிறா.

எங்க ஊரு மேய்க்கால் ஞாபகம் இருக்கா, ஆடு மாடு மேயுற ஊர்ப் பொது நிலம், பொங்கலுக்கு வந்தப்ப நீ செருப்பு அறுந்து நின்னியே அந்த செம்மண் மேடு. பண்ருட்டிலேர்ந்து நெய்வேலி போற வரைக்கும் இந்த மேட்டு நிலம்தானே, ஒண்ணு முந்திரி இல்லன்னா மல்லாட்ட கொல்லை, அதான் நீ வேர்க்கடலைம்பியே. மார்கழி பட்டத்துல போட்ட மல்லாட்டய பங்குனியில புடுங்கிட்டா கொல்லை மொட்டையா கெடக்கும், அந்த மொட்டை நிலத்துலதான் மஞ்சமூக்கு ஆக்காட்டி முட்டை வைக்குது. கூடுன்னு ஒண்ணும் கெடயாது. உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம், சுத்தி பொடிக்கல்லு, நாலு முட்டை, கூரு முனை நாலும் நடுவுல பாத்த மாதிரி. மண்ணு நெறத்துல கருப்புத் திட்டு திட்டா இருக்கும், நீ ஒரு தடவ பாத்துட்டு தலைய திருப்புனா மறுபடி தேடணும். ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி கிட்டத்தட்ட நாலு வாரம் அடைகாக்கணும். மத்தியானம் எங்க மோட்டார் கொட்டாய் வாய்க்கால்ல வந்து வயித்த தண்ணியில முக்கி நனைச்சுக்கிட்டு, சொட்ட சொட்ட பறந்து போயி முட்டை மேல உக்காருது பாரு, அந்த வெயில்ல முட்டை வேகாம இருக்கத்தான். அதை மொத மொதல்ல பாத்த அன்னிக்கு கல்லாவ பூட்டாமயே வந்துட்டேன்னு வீட்ல சண்டை.

இதுல சிக்கல் என்னன்னா கோடை உழவு. சித்திரையில ஒரு மழை பேஞ்சா போதும், கோடை உழவு கோடி நன்மைன்னு நானே கடையில உக்காந்து சொல்றவ, கூண்டுப்புழு வெளிய வந்து சாவும்னு. சொல்றது சரிதான். ஆனா முட்டை இருக்கறதும் அதே மாசம், டிராக்டர் ஏறுறதும் அதே மாசம். நான் மொதல்ல கொல்லைக்காரங்ககிட்ட பேசிப் பாத்தேன், எல்லாரும் தலைய ஆட்டுனாங்க, ஆனா கொல்லைக்காரர் உழவு அன்னிக்கு வயல்லயே இருக்க மாட்டாரு, போன்ல சொல்லிட்டு கல்யாணத்துக்கு போயிடுவாரு. அதனால டிரைவர் பசங்களத்தான் புடிச்சேன். மணிக் கணக்குல ஓட்டுறவனுங்க, கலப்பைய தூக்கி எறக்குனா அவனுங்களுக்கு என்ன நஷ்டம், ஒரு நிமிஷம். கூட்டுக்கு அடையாளமா குச்சி நடாதீங்கடா, குச்சியில காக்கா வந்து குந்திக்கிட்டு முட்டைய பாத்துரும், பத்தடி தள்ளி ஒரு கல்லுல சுண்ணாம்பு தடவி வைங்க, அந்த எடம் வந்தா கலப்பைய தூக்கிட்டு ஒரு கட்டில் அளவு விட்டுட்டு போங்கன்னேன். செய்றானுங்கடி! ஒருத்தன் சொல்றான், "அக்கா, அது டிராக்டர் முன்னாடி றெக்கைய விரிச்சிக்கிட்டு நின்னு கத்துது, ஏத்த மனசு வருமா?" இத்தனைக்கும் அவன் வாயில நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல.

நீ அனுப்புன யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பக்கத்து வீடியோவ அந்த பசங்களுக்குத்தான் போட்டுக் காட்டுனேன். புல்லு அறுக்குற மிஷின் கூட்ட சுத்திப் போகுதே, அதை ரெண்டு தடவ கேட்டுப் பாத்தானுங்க. நம்ம குதிரைமலைக் கோட்டான், ஆந்தை இல்ல, நீள வளைஞ்ச மூக்கு இருக்குமே அந்தப் பறவை, பிச்சாவரம் சேத்துல பனிக்காலத்துல நிக்குமே அதே ஜாதி, அங்க மேட்டுப் புல்வெளியில குஞ்சு பொரிக்குதுன்னதும் அவனுங்களுக்கு ஆச்சரியம். இங்க வர்றது சைபீரியா பக்கத்துக் கூட்டம்னு நான் சொல்லியும் கேக்கல, உன் ஊருலேர்ந்துதான் வருதுன்னு முடிவே பண்ணிட்டானுங்க. உலகத்துல கூடு வைக்கிற கோட்டான்ல கிட்டத்தட்ட கால்வாசி பிரிட்டன்லதான் இருக்குன்னும், 1990-கள்லேர்ந்து அதுல ஏறக்குறைய பாதி போயிடுச்சுன்னும் சொன்னியே, அதுல என்னை உலுக்குனது வேற. அந்தப் பறவை 30 வருஷத்துக்கு மேல கூட உசுரோட இருக்கும், வருஷா வருஷம் அதே வயலுக்கு வரும், கத்தும், விவசாயி அதைக் கேட்டுட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனைப்பாரு. குஞ்சு மட்டும் தேறாது. வெளிநாட்டுக்கு புள்ளைங்கள அனுப்பிட்டு கெழடு கட்டைங்க மட்டும் திண்ணையில உக்காந்திருக்கிற தெரு மாதிரி, விளக்கு எரியுது, ஆளும் இருக்கு, ஆனா அடுத்தது யாரு?

எங்க ஆக்காட்டி அழியப்போற பட்டியல்ல எல்லாம் இல்ல, அதான் எனக்கு பயமே. கோட்டானும் ஒரு காலத்துல யாரும் எண்ணாத பறவைதானே. அதோட சொந்தக்காரன் மெல்லிய மூக்கு கோட்டான் கதைய நீயே சொன்ன, 1995-ல மொராக்கோவுல பாத்ததோட சரி. அதை நீ எழுதுன ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

இப்ப மேய்க்காலுக்கு வரேன். உழவு இல்லாத எடம் அது ஒண்ணுதான், அதனால ஆக்காட்டியும் கண்கிலேடிங்கிற இன்னொரு தரைப்பறவையும் நிம்மதியா முட்டை வைக்குது. அங்க போயி தரிசு, சும்மா கெடக்கு, மரம் நட்டு காடாக்கப் போறோம்னு ஒரு டிரஸ்ட்காரங்க வந்து நிக்கிறாங்க. நல்ல மனுஷங்கதான், டீசர்ட்ல பச்சை இலை போட்டிருக்காங்க, அவங்கள திட்டவும் முடியல. சும்மா கெடக்குங்கிற வார்த்தைதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. வெட்டவெளியில முட்டை வைக்கிற ஜென்மத்துக்கு மரம்னா காக்கா குந்துற கெளை. பொரிச்ச அன்னிக்கே குஞ்சு எந்திரிச்சு நடந்து போயி தானா பூச்சி பொறுக்கணும், ஆபத்துன்னா தரையோட தரையா படுத்துக்கணும், அதுக்கு கட்டாந்தரையும் குட்டைப் புல்லும்தான் வேணும். உங்க ஊருலயும் மேட்டுல தைலமரத்தோப்பு மாதிரி ஊசியிலை மரத்த வரிசையா நட்டு, அதுக்குள்ள நரியும் காக்காவும் பெருகி, பக்கத்து புல்வெளியில கோட்டான் குஞ்சு ஒண்ணும் மிஞ்சலன்னு சொன்னியே, அதேதான். ஏரிக்கரையில பனங்கொட்டை போடுங்க, ரோட்டோரம் புளி வைங்க, பள்ளிக்கூடத்துல வேம்பு வைங்க, நானே தண்ணி ஊத்துறேன், மேய்க்கால விட்டுடுங்கன்னு சபையில கெஞ்சுனேன். தலைவர் "குருவிக்காகவாம்மா?"ன்னாரு. பின்னாடி ஒரே சிரிப்பு.

அப்பதான் ஆடு மேய்க்கிற கெழவி ஒண்ணு, எங்க கடையில கடன் வச்சிருக்கிற அதே கெழவி, எந்திரிச்சு "மரம் வச்சு வேலி போட்டா என் ஆட்ட உன் வீட்டு மாடியிலயா மேய்க்கிறது?"ன்னு கேட்டுச்சு. சிரிப்பு நின்னு போச்சு. ஆடு வச்சிருக்கவங்க எல்லாம் ஒரே கூச்சல். நான் அரைமணி நேரம் பேசி நடக்காதத அந்த ஒரே கேள்வி நடத்திடுச்சு, ஆடு கடிச்சு புல்லு குட்டையா இருக்கறதாலதான் அந்த மேட்டுல ஆக்காட்டியே இருக்குங்கிறது வேற விஷயம், அதை அன்னிக்கு நான் வாயத் தொறந்து சொல்லல, வர்ற கூட்டத்தை கெடுப்பானேன். கெழவி கணக்குல இருந்த பாக்கிய அடிச்சுட்டேன், எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிடாத.

தீர்மான நோட்டுல "பரிசீலிக்கப்படும்"னு எழுதியிருக்காங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு ஊருல எவனுக்கும் தெரியாது. ஆடி மழைக்கு குழி தோண்டுவாங்கன்னு ஒரு பேச்சு, 100 நாள் வேலையில ஆளு போட்டுட்டாங்கன்னு இன்னொரு பேச்சு.

உனக்கு வேலை வச்சிருக்கேன். அங்க மரம் நடுறதுக்கு முன்னாடி தரையில கூடு வைக்கிற பறவை இருக்கான்னு பாக்குறாங்கன்னு சொன்னியே, அதை யாரு பாக்குறா, எந்த மாசம் பாக்குறா, இருந்தா என்ன பண்றாங்கன்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி அனுப்பு, தலைவர் படிக்கிற மாதிரி எளிமையா, உன் தீசிஸ் மாதிரி வேணாம். அங்க விவசாயிக்கு லேட்டா புல்லு அறுத்தா அரசாங்கம் காசு குடுக்குதே, அது ஏக்கருக்கு எப்படி கணக்கு பண்றாங்கன்னும் எழுது, எங்க டிரைவர் பசங்க கேட்டுக்கிட்டே இருக்கானுங்க, காசு கேக்குறானுங்களா கிண்டல் பண்றானுங்களான்னு எனக்கே தெரியல.

ஆடிக்கு முன்னாடி வந்து சேரணும். குழி தோண்டுன பின்னாடி வந்துச்சுன்னா உன் காகிதத்துல மல்லாட்ட மடிச்சு வித்துடுவேன்.

இப்படிக்கு,
உரக்கடைக்காரி

பி.கு: வார்டன் அம்மாவ கடலூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். உன்னத்தான் மொதல்ல கேட்டாங்க, அந்த இட்லி குண்டான் இன்னும் திரும்பி வரலியாம்.