தேயிலைக்கு முன்னால் கடனைச் சொல்லுங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் புரட்சி என்றதும் நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்வது, 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குள் போன கதையைத்தான். ஏன் கொட்டினார்கள் என்று கேட்டால், "வரி அதிகம்" என்கிறார்கள். அது சரியல்ல. அந்த ஆண்டு வந்த சட்டத்தால் தேயிலை மலிவாகத்தான் கிடைத்திருக்கும். மலிவான தேயிலையை ஏன் கொட்ட வேண்டும்? இதைப் பாடம் விளக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதற்குப் பத்து ஆண்டு பின்னால் போக வேண்டும். 1763-இல் பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டன் ஜெயித்திருந்தது. ஆனால் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. வட்டிக்கே ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேல். போதாததற்கு அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்தும் செலவு வேறு. இங்கிலாந்து மக்கள் ஏற்கெனவே வரியில் திணறினார்கள்; ஆப்பிள் மதுவுக்கு வரி போட்டதற்கே அங்கே கலவரம் நடந்தது. பாதுகாப்புச் செலவில் அமெரிக்காவில் பிரிட்டன் ஆண்ட குடியேற்றங்களும் பங்கு தரட்டும் என்று பிரதமர் கிரென்வில் நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆனால் அந்தப் போரில் குடியேற்ற மக்களும் ஆளும் பணமும் கொடுத்திருந்தார்கள். வரி போட அவர்களுக்குச் சொந்தச் சபைகள் இருந்தன. 1765-இல் பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரை முத்திரை வரி வந்தபோது, அதில் எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்குச் சுமார் 60,000 பவுண்டுதான். மேலே சொன்ன வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு சின்னத் தொகை! அவர்கள் கொதித்தது தொகைக்காக அல்ல. தாங்கள் ஒரு உறுப்பினரைக்கூட அனுப்பாத நாடாளுமன்றம் தங்கள் பையில் கை விட்டதற்காக.

எதிர்ப்பு வலுத்ததும் 1766-இல் அந்த வரியை நீக்கினார்கள். அதே நாளில், எந்த விஷயத்திலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் இயற்றத் தங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொரு சட்டமும் போட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது சட்டத்துக்குத்தான் பாடத்தில் தனிப் பத்தி வேண்டும். பிறகு வந்த இறக்குமதி வரிகளில் பெரும்பாலானவற்றை 1770-இல் விலக்கிவிட்டு, தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்ததும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருக்கத்தான். விலை எவ்வளவு குறைந்தாலும், அந்தத் தேயிலையை வாங்கினால் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். கொட்டியதன் காரணம் இதுதான்.

அந்தத் தேயிலை நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. விற்காத சரக்கோடு தத்தளித்த கம்பெனியைத் தூக்கிவிடத்தான் 1773 சட்டமே வந்தது. அப்புறம், 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும் இதே ஏழாண்டுப் போரில்தான். நம் பாடங்களில் அது ஓரிடத்திலும் பாஸ்டன் வேறோரிடத்திலும் கிடக்கின்றன. அடுத்த பதிப்பில் இரண்டையும் ஒரு வரியிலாவது இணைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகன்