சூலூரில் செகோன் நினைவாக ‘நாட்’ போர் விமானம் நிறுவக் கோரும் மனு

அனுப்புநர்:
விமானப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றோர் மற்றும் பொதுமக்கள்,
சூலூர் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன், பரம் வீர் சக்ரா – நினைவாகச் சூலூரில் பணி ஓய்வு பெற்ற ‘நாட்’ விமானம் ஒன்றை நிறுவ இடம் ஒதுக்கிப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

27.05.2020 அன்று இந்திய விமானப்படையின் 18-வது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), தேஜஸ் போர் விமானங்களுடன் நம் சூலூர் விமானப்படைத் தளத்தில் மீண்டும் தொடங்கி வைக்கப்பட்டது. 1965 ஏப்ரலில் ‘நாட்’ என்னும் சிறிய போர் விமானங்களோடு உருவான இந்த ஸ்குவாட்ரனில் பணியாற்றியவர்தான் நிர்மல்ஜித் சிங் செகோன். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை இந்திய விமானப்படையில் பெற்ற ஒரே வீரர் அவர். தளத்துக்குள் பொதுமக்கள் நுழைய முடியாது. எனவே பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கவும் படிக்கவும் தோதாக, தளத்துக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

செகோன் பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்து இசேவால் கிராமத்தைச் சேர்ந்தவர். தந்தையும் விமானப்படையில் பணியாற்றியவர். 04.06.1967 அன்று செகோன் போர் விமானியாகப் பணியில் சேர்ந்தார். 1971 டிசம்பரில் போர் மூண்டபோது 18-வது ஸ்குவாட்ரனின் நாட் பிரிவு ஒன்று ஸ்ரீநகரில் நிறுத்தப்பட்டது. 1948 முதல் இருந்த சர்வதேச உடன்பாட்டின்படி அதுவரை அங்கே வான் பாதுகாப்பு விமானங்கள் வைக்கப்படவில்லை. ஆகவே அங்கு போன விமானிகளுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் மலைகளும் பழக்கமில்லை, கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலான உயரமும் டிசம்பர் குளிரும் பழக்கமில்லை.

14.12.1971 அன்று பாகிஸ்தானின் ஆறு சேபர் வகைப் போர் விமானங்கள் ஸ்ரீநகர் ஓடுதளத்தைத் தாக்கின. புறப்படத் தயார் நிலையில் இருந்தவை இரண்டு நாட் விமானங்கள். முதல் விமானம் கிளம்பியதும் எழுந்த புழுதி அடங்கும் வரை இரண்டாவதாக நின்ற செகோன் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சில விநாடிகளின் அருமை விமானத்தோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தரையில் ஓடுகிற போர் விமானத்தால் திரும்பவும் முடியாது, சுடவும் முடியாது. குண்டு விழுகிற ஓடுதளத்தில் அதைப்போல எளிதான இலக்கு வேறில்லை. அப்படியும் அவர் கிளம்பினார். மேலெழுந்த கையோடு இரண்டு சேபர்களை எதிர்கொண்டார். முன்னால் போன நாட் விமானம் அவரைக் கண்ணில் காணாமல் பிரிந்துவிட்டதால், சண்டை முழுவதும் அவர் தனியாள். மர உச்சி அளவு தாழ்வில் நடந்த அந்தச் சண்டையில் அவர் இரண்டு எதிரி விமானங்களைச் சேதப்படுத்தினார் என்றும், இறுதியில் எண்ணிக்கை பலத்தால் வீழ்த்தப்பட்டார் என்றும் விருதுக் குறிப்பு சொல்கிறது. அவ்வளவு தாழ்வில், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்ற இருக்கையை இயக்கினாலும் பாராசூட் விரிய நேரம் கிடைக்காது. விமானம் மலையிடுக்கில் விழுந்தது, உடல் கிடைக்கவில்லை. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் ஓட்டிய விமானத்தை நேரில் பார்த்தால்தான் இந்தச் சண்டை முழுதாகப் புரியும். நாட் விமானத்தின் நீளம் 8.74 மீட்டர், இறக்கை அகலம் 6.73 மீட்டர், உயரம் சுமார் 2.5 மீட்டர், வெறும் எடை ஏறத்தாழ 2.2 டன். ஆயுதம் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள். ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய சேபரின் பக்கத்தில் இது சிறு பிள்ளை. ஆனால் சிறியதாக இருந்ததாலேயே எதிரியின் கண்ணுக்கு எளிதில் படாது, சட்டென்று திரும்பும். பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தொழிற்சாலையில் இவை உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டன.

தங்களிடம் நாங்கள் வேண்டுவது முதலாவதாக இடம். 15 மீட்டருக்கு 15 மீட்டர், அதாவது ஐந்தரை சென்ட் அளவு போதும். திருச்சி சாலையை ஒட்டி, பேருந்து நிறுத்தத்தில் இருந்து நடந்து வரும் தொலைவில், நீர்நிலைப் புறம்போக்கு அல்லாத அரசு நிலத்தை வட்டாட்சியர் மூலம் தெரிவு செய்ய வேண்டுகிறோம். தளத்துக்கு அருகில் எதைக் கட்டினாலும் விமானப்படையின் தடையின்மைச் சான்று தேவைப்படும் என்பதால், அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே அதைப் பெற்றுவிட வேண்டும். அடுத்து, விமான ஒதுக்கீட்டுக்கான பரிந்துரைக் கடிதம். அதை அரசு வழியாகப் புதுதில்லி விமானப்படைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டுகிறோம். எஞ்சியுள்ள நாட் விமானங்கள் சிலவே. கிடைக்காவிட்டால் அதிலிருந்து உருவான அஜீத் விமானத்தைக் கேட்கலாம். ஆனால் பலகையில் அஜீத் என்றே எழுத வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முழு அளவு கண்ணாடியிழை மாதிரி செய்து, அது மாதிரி என்பதையும் எழுதிவிடலாம்.

ஒப்படைப்புப் பத்திரத்தில் வெளியேற்ற இருக்கையின் வெடித்தோட்டா, மேல்மூடியைக் கழற்றும் வெடிப்பொருள், பீரங்கிகள், எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய் ஆகியவை அகற்றப்பட்டதைத் தனித்தனியே குறிப்பிட வேண்டும். அந்தக் காலத்து அளவுக் கருவிகளின் ஒளிரும் எழுத்துகளில் ரேடியம் இருக்க வாய்ப்புண்டு. கதிரியக்க அளவியால் சோதித்து, இருந்தால் கழற்றிவிட வேண்டும். ஏற்றி வருவதற்கு 40 அடி டிரெய்லர் தேவை; 20 அடி வண்டியில் உடற்பகுதி அடங்காது. வண்டிக்குள் அடங்கவில்லை என்று இறக்கையைக் கேஸ் கட்டரால் அறுத்துவிட்டால் பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. போல்ட்டுகளைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டுகிறோம்.

நிறுவும் வேலையில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. சக்கரங்களைக் கான்கிரீட்டில் புதைக்கக் கூடாது. கான்கிரீட்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும். எடையை டயர்கள் தாங்கினால் அவை சில மழைக்காலங்களில் வெடித்து விமானம் ஒருபுறம் சாயும். ஜாக்கி வைக்கும் இடங்களில் மூன்று எஃகுத் தாங்கிகள் கொடுத்து, டயர் தரையை லேசாகத் தொடும்படி விட்டால் போதும். எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். ஆகவே இடையில் நைலான் தகடும் எபாக்சி பிரைமரும் அவசியம். வயிற்றுப் பகுதியின் வடிகால் துளைகளைப் பெயின்ட் அடிக்கும்போது மூடிவிடக் கூடாது. காற்று உள்ளிழுக்கும் வாய்களுக்குத் துருப்பிடிக்காத வலை போடாவிட்டால் புறாக்கள் குடியேறும். எச்சத்தின் அமிலம் உள்ளிருந்து அரிக்கும். பழைய பெயின்ட்டை மணல் பீய்ச்சியோ கிரைண்டரிலோ சுரண்டாமல், கரைப்பான் கொண்டுதான் எடுக்க வேண்டும். மெல்லிய தகடு தாங்காது. விமானியறையின் மேல்மூடி வெயிலில் நுண்விரிசல் விடும் என்பதால் மேலே ஒரு கூரை அமைத்தால் நல்லது. இடிதாங்கியும் நில இணைப்பும் வேண்டும்.

பராமரிப்பை உள்ளாட்சி அமைப்பிடமோ முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திடமோ எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்க வேண்டும். யார் பொறுப்பு என்று எழுதி வைக்காத நினைவுச் சின்னம் வீணாகிப் போவதே வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், நல்ல நீரால் கழுவி, வடிகால் துளைகளையும் வலைகளையும் பார்த்தால் போதுமானது. இந்த ஆய்வை ஊதியமின்றிச் செய்து தர நாங்கள் எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்கிறோம்.

கடைசியாக, பலகை. செகோன் ஓட்டிய விமானம் விழுந்து நொறுங்கிவிட்டது. நிறுவப்படும் விமானத்தில் அதன் சொந்த எண்ணையே எழுத வேண்டும். ‘செகோன் ஓட்டிய விமானம்’ என்று எழுதுவது பொய்யாகும். ‘இரண்டைச் சுட்டு வீழ்த்தினார்’ என்று மிகைப்படுத்தவும் வேண்டாம். விருதுக் குறிப்பில் உள்ளபடி ‘சேதப்படுத்தினார்’ என்பதே சரி. அவர் செய்ததற்கு மிகை தேவையில்லை. நாங்கள் முன்வைக்கும் வாசகம்:

“பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன், பரம் வீர் சக்ரா, 18-வது ஸ்குவாட்ரன். 14.12.1971 அன்று ஸ்ரீநகர் ஓடுதளம் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே இவ்வகை விமானத்தில் கிளம்பி, ஆறு சேபர் விமானங்களை எதிர்கொண்டு, இரண்டைச் சேதப்படுத்தி, வீரமரணம் அடைந்தார். அவரது ஸ்குவாட்ரன் 2020-இல் சூலூரில் மீண்டும் தொடங்கப்பட்டது.”

இடத் தெரிவுக்கு வட்டாட்சியருக்கு ஆணையிட்டு, அந்த ஆய்வின்போது எங்களில் இருவரை உடன் அழைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: தாங்கிகளின் அமைவு வரைபடம், பராமரிப்பு உறுதிமொழிக் கடிதம், கையொப்பத் தாள்கள்.