மூடிய கிணற்றைத் திறக்கப் போகிறோம்: நன்கொடை வேண்டுகோள்

திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் நம் இரண்டு தெருக்களில் குடியிருக்கும் எல்லோருக்கும் கிணறு குழுவின் வணக்கம்.

பிள்ளையார் கோயிலை ஒட்டி சிமென்ட் பலகை போட்டு மூடிய மேடை ஒன்று இருக்கிறதே, பூக்காரம்மா கூடை வைக்கும் இடம், அதன் அடியில் 28 அடி ஆழ உறைகிணறு இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் பலருக்கு இது தெரியாது. தெருவே அதில் இறைத்துக் குளித்த காலம் உண்டு. வீட்டுக்கு வீடு போர்வெல் வந்ததும் அதை மறந்தோம், குப்பை போட்டோம், அப்புறம் மூடியும் விட்டோம்.

இப்போது அதைத் தூர்வாரித் திறக்கவும், மழையில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும் மூன்று இடங்களில் 15 அடி ஆழத்தில் மழைநீர் உறைகிணறுகள் இறக்கவும் முடிவு செய்திருக்கிறோம். அதற்குத்தான் உங்களிடம் பணம் கேட்கிறோம்.

"இருக்கிற போரை இன்னும் 100 அடி இறக்கினால் போகிறது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வேறு ஊராக இருந்தால் சரி. நமக்குக் கீழே இருப்பது கடல் மணல். மழை பெய்து இறங்கிய நல்ல தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கடலோர நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. ஆக, மேலே ஓர் அடி குறைந்தால் அடியில் உப்பு எவ்வளவு ஏறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆழமாகப் போகப் போக உப்பைத்தான் தேடிப் போகிறோம். அதுவும் ஒரு வீட்டுப் போர் இழுக்கும் உப்பு அடுத்த வீட்டுக் குழாயிலும் வரும். மதில் சுவர் மண்ணுக்கு மேலேதானே இருக்கிறது.

போன மே மாதம் 11 வீட்டுப் போர்த் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தோம். 1,400க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. இரண்டு வீடுகளில் 2,000த்தைத் தாண்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

2019 யாருக்கும் மறந்திருக்காது. புழல், செம்பரம்பாக்கம், சோழவரம், பூண்டி நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வருடம் லாரிக்கு ராத்திரி 2 மணி வரை விழித்திருந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் சென்னையின் ஒரு வருட மழை விழுந்தால், சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரி. அதைத்தான் கால்வாயில் விட்டுக் கடலுக்கு அனுப்புகிறோம்.

"2003லேயே எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டினோமே?" கட்டினோம். போன மாதம் மூடியைத் திறந்து பார்த்ததில் பாதிக்கு மேல் மண் அடைத்துக் கிடந்தன. ஒன்றில் தென்னங்கன்று முளைத்திருந்தது.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடம் முன்பு அவசரமாக ஒரு குழி தோண்டினோம். பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்ததைக் கவனிக்கவில்லை. ஒரே மழையில் நாலு வீட்டுப் போர் நாறியது, குழியை மூடவேண்டியதாயிற்று. இந்த முறை சாக்கடைக் குழாய்க்குத் தள்ளி இடம் குறித்திருக்கிறோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் முன்னால் வண்டல் தொட்டி, ஜல்லி மணல் வடிகட்டி உண்டு. முதல் இரண்டு மழைத் தண்ணீரை வெளியே விட வால்வும் உண்டு.

செலவு: பழைய கிணறு தூர்வாரி உறை மாற்ற 60,000 ரூபாய். மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கலாம் என்பதால், ஆள் இறங்கும் முன் காற்று அடிக்கும் இயந்திரம், கயிறு, கூடுதல் ஆட்கள் எல்லாம் இதில் அடக்கம். இதில் பேரம் பேசமாட்டோம். மூன்று மழைநீர்க் கிணறுகளுக்கு 1,05,000. கோயில் கூரையிலிருந்தும் பக்கத்து அடுக்குமாடியிலிருந்தும் குழாய், வடிகட்டித் தொட்டி 45,000. மொத்தம் 2,10,000. இதுவரை 58,000 வந்திருக்கிறது. இன்னும் தராத 76 வீடுகளும் வீட்டுக்கு 2,000 தந்தால் சரியாகிவிடும். வாடகைக்கு இருப்பவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், 200 ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. வீட்டுச் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்தால் தயவுசெய்து அவர்கள் காதில் போடுங்கள்.

ஒரே மழைக்காலத்தில் உப்பு போய்விடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டோம். இரண்டு மூன்று ஐப்பசி ஆகலாம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, கிருமி இல்லை என்று தெரியும்வரை துணி துவைக்க, செடிக்கு ஊற்ற மட்டும்தான்.

வேலை செப்டம்பர் கடைசிக்குள் முடியவேண்டும். அக்டோபர் நடுவில் பருவமழை பிடித்துவிட்டால் மணலில் உறை இறக்க முடியாது. பொருளாளர் ஞாயிறு காலை 7 முதல் 9 வரை கோயில் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வரவு செலவு கோயில் பலகையில் வாரா வாரம் ஒட்டப்படும். பூக்காரம்மாவுக்கு எதிர்த் திண்ணையில் இடம் பேசியாகிவிட்டது.

இப்படிக்கு,
கிணறு குழு