திருத்தம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிறு தவறாமல் அம்மாவிடம் பேசுகிறாய், அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போனை என் பக்கம் நீட்டுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. இருக்கட்டும், வேலைதான் முக்கியம். என் முழங்கால் பரவாயில்லை. மாடிக் குழாய் சரி செய்தாகிவிட்டது.

"எந்தப் பேப்பரைத்தான் நம்புவது?" என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். 31 வருஷம் நியூஸ் டெஸ்கில் உட்கார்ந்தவன் ஒருவன் அதே வீட்டில் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பேப்பரை மொத்தமாக நம்புவதும் மொத்தமாக ஒதுக்குவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கம். ஒரே செய்தியில் நான்காவது பத்தி ஆவணத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கும், ஐந்தாவது பத்தி யாரோ டீக்கடையில் சொன்னதாக இருக்கும். வாக்கியம் வாக்கியமாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முதல் கேள்வி: இதை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்?

தலைப்பைக் கடைசியாகப் படி. அதை எழுதுவது பெரும்பாலும் நிருபர் அல்ல. ராத்திரி டெஸ்கில் இருக்கும் சப்-எடிட்டர், இருக்கிற இடத்துக்குள் அடங்கும்படி எழுதுவது அது. இடம் போதாதபோது முதலில் பலியாவது "என்று புகார்", "என்று போலீஸ் தரப்பு" போன்ற சொற்கள்தான். நிருபர் கவனமாகப் போட்ட வேலியைத் தலைப்பு பிடுங்கிவிடும். செய்தியைப் படித்து முடித்ததும் தலைப்புக்குத் திரும்பி, அதைத் தாங்கி நிற்கும் வாக்கியம் உள்ளே எது என்று தேடு. கிடைத்த வாக்கியம் "கூறப்படுகிறது" என்று முடிந்தால் தலைப்புக்குக் கால் இல்லை. தலைப்பில் கேள்விக்குறி இருந்தால், கையில் ஆதாரம் இருந்திருந்தால் அந்தக் குறியைப் போட்டிருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்.

அடுத்து வினைச்சொல். தமிழில் சார்பு ஒளிந்திருக்கும் இடம் இதுதான். "மூவர் பலி" என்றால் கொன்றவர் யாருமில்லை, ஏதோ இயற்கைச் சீற்றம் மாதிரி. "துப்பாக்கிச் சூட்டில் மூவர் பலி" என்றால் துப்பாக்கி தானாகச் சுட்டது. "போலீஸார் சுட்டதில் மூவர் பலி" என்றால்தான் எழுவாய் வருகிறது. எழுவாய் காணாமல் போன வாக்கியத்தைப் பார்த்தால், அது இருந்தால் யாருக்குச் சங்கடம் என்று யோசி. சில நேரம் யார் சுட்டார்கள் என்று உண்மையிலேயே தெரியாமலும் இருக்கும், அப்போது அது நியாயம்.

பேச்சைக் குறிக்கும் வினையும் அப்படியே. "சொன்னார்", "தெரிவித்தார்" இரண்டும் பாரம் ஏற்றாதவை. "ஒப்புக்கொண்டார்" என்றதும் அவர் எதையோ மறைத்தவராகிவிடுகிறார். "மழுப்பினார்", "சாடினார்", "விளாசினார்", "அம்பலப்படுத்தினார்" எல்லாம் எழுதியவரின் தீர்ப்பு. ஒரு பேனாவை எடுத்து இந்த வினைகளை மட்டும் அடித்துவிட்டு எல்லா இடத்திலும் "சொன்னார்" என்று போட்டுப் படித்துப் பார். செய்தி பாதியாக இளைத்துவிட்டால், போனது முழுக்கச் சார்பு.

இன்னொன்று, இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த வசதி இல்லை: விகுதி. "கைது செய்யப்பட்டான்", "கைது செய்யப்பட்டார்". இரண்டு பேர் மேலும் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சைக்கிள் திருடியவனாகச் சொல்லப்படுகிறவனுக்கு "ன்", பல கோடி மோசடி செய்ததாகச் சொல்லப்படுகிறவருக்கு "ர்". ஒரு வாரம் குற்றச் செய்திகளில் யாருக்கு "ன்", யாருக்கு "ர்" என்று மட்டும் குறித்து வை. தலையங்கம் படிக்காமலே அந்தப் பேப்பர் யாரைப் பார்த்து எழுந்து நிற்கும் என்று தெரிந்துவிடும். எங்கள் டெஸ்கில் இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். பாதி நாள் தோற்றேன்.

சாட்சிகள் எல்லாரும் ஒரே தரமில்லை. பெயரோடு வரும் நேரடி சாட்சி, ஆவணம், பதவியும் பெயரும் சொல்லிப் பேசும் அதிகாரி, அதற்கும் கீழே "வட்டாரங்கள்". பெயர் சொல்லாதவர் பொய்யர் என்று அர்த்தமில்லை. உயிருக்கும் வேலைக்கும் பயந்து பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் ஏன் பெயர் இல்லை என்பதைச் செய்தியே சொல்ல வேண்டும். பெயர் சொல்லாத அதிகாரி தன் மேலிடத்துக்குச் சாதகமாகவே பேசுகிறார் என்றால் அவர் எதற்கும் பயப்படவில்லை, பொறுப்பேற்க விரும்பவில்லை. இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வந்த செய்திகளில் பல இந்த வகை. நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26ஆம் தேதி, தன் செய்திகளில் சில போதிய கடுமையோடு சோதிக்கப்படவில்லை என்று தானே குறிப்பு எழுதியது. அந்த ஆயுதங்களைக் காரணம் காட்டி அமெரிக்கா போர் தொடங்கி ஒரு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு.

"பத்து இடத்தில் வந்திருக்கிறதே" என்று ஏமாறாதே. பத்திலும் முதல் இரண்டு பத்தியை ஒப்பிட்டுப் பார். வாக்கியம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பி. பி.டி.ஐ., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. என்று ஓரத்தில் சின்னதாக இருக்கும். அது பத்து சாட்சி ஆகாது, ஒரே சாட்சியின் பத்து நகல். மறுபடியும் அதேதான்: முதலில் யார் சொன்னது?

குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்று எண்ணு. செய்தியை முக்கியமானதிலிருந்து முக்கியமில்லாததற்கு இறங்கும்படி எழுதுவதுதான் வழக்கம், தலைகீழ்க் கூம்பு என்போம். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் குறைந்தால் வெட்டு கீழிருந்துதான் விழும். பதிலைக் கடைசியில் வைத்தால் அது வெட்டில் போய்விடும், யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. சார்பு என்றால் எல்லாம் பணம் வாங்கி எழுதுவது என்று நினைக்காதே. பாதி அவசரம், கால்வாசி பழக்கம்.

இரண்டு தரப்பையும் போட்டுவிட்டால் நடுநிலை என்றும் நினைக்காதே. 1998ல் லான்செட் மருத்துவ இதழில் வெறும் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது, தட்டம்மை முதலியவற்றுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்று. எதிர்ப்பக்கம் மலை மலையாக ஆய்வுகள். அப்படியும் அவருக்கு ஒரு பத்தி, இவருக்கு ஒரு பத்தி என்று பேப்பர்களில் வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். 2010ல்தான் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எடை ஒன்றாக இல்லாத இடத்தில் இடம் மட்டும் சமமாகக் கொடுப்பதும் சார்புதான்.

எண்களைப் பற்றி உனக்கு நான் சொல்வதா. உன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெடலை அம்மா இன்னும் ஷோகேஸில் முன்வரிசையில்தான் வைத்திருக்கிறாள். ஆனாலும் படித்தவர்கள்தான் சறுக்குகிறீர்கள். பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னது. உடனே "புகையிலைக்குச் சமம்" என்று தலைப்புகள். எந்த அடித்தளத்தின் மேல் 18? வாழ்நாளில் நூற்றில் சுமார் 6 பேருக்கு வருவது 7 ஆகும், அவ்வளவுதான். புகையிலையோடு ஒரே பட்டியலில் வைத்தது ஆதாரம் உறுதி என்பதற்காக, ஆபத்து சமம் என்பதற்காக அல்ல. "இரட்டிப்பு" என்று பார்த்தால் எதிலிருந்து எதற்கு என்று கேள். 4 சதவீதம் 6 ஆனால் ஒருவர் "2 புள்ளி உயர்வு" என்பார், இன்னொருவர் "50 சதவீதம் எகிறியது" என்பார். இரண்டும் சரி. எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் விஷயம். வரைபடத்தில் இடது அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பார். ஆயிரம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ ஏறக்குறைய 3 சதவீதம். 2 சதவீத முன்னிலை முன்னிலையே இல்லை. ஆளை நிறையச் சேர்த்தாலும் தப்பான இடத்தில் சேர்த்தால் பயனில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்ட லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது, டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதியானவர்கள் பட்டியலிலிருந்து. லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46ஐ வாரிக்கொண்டு போனார்.

அம்மா இதுவரை படித்துவிட்டு, "பொண்ணுக்கு லெட்டர் எழுதச் சொன்னா கிளாஸ் எடுக்கிறீங்க" என்கிறாள். போகட்டும்.

தெரியாத தளம் என்றால் உள்ளேயே உட்கார்ந்து அழகை ஆராயாதே. ஸ்டான்ஃபோர்டில் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் உண்மை சரிபார்ப்பவர்களையும் ஒரே பக்கங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். பேராசிரியர்களில் பலர் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே வெளியே வந்து, வேறு டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். படிப்பு கைகொடுக்கவில்லை, பழக்கம் கைகொடுத்தது.

படம் என்றால் இப்படி. ஸ்கிரீன்ஷாட் எடு. மேலே ஒட்டிய எழுத்தையும் முத்திரையையும் வெட்டிவிடு, இல்லாவிட்டால் தேடல் அந்த எழுத்தையே துரத்தும். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் ஒருமுறை, அதே வேலை செய்யும் டின்ஐ தளத்தில் ஒருமுறை போடு. டின்ஐயில் மிகப் பழையது முதலில் வரும்படி அடுக்கலாம். பழைய தேதியில் கிடைத்தால் பழைய படம், சந்தேகமில்லை. கிடைக்காவிட்டால் புதிய படம் என்று நிரூபணமாகாது, தேடல் இன்னும் எட்டவில்லை என்றுகூட இருக்கலாம். அப்போது வேறு கோணத்தில் எடுத்தவை இருக்கின்றனவா பார். பெரிதாக்கிப் பெயர்ப்பலகை, நம்பர் பிளேட், நிழல் விழும் திசை, சுவரில் என்ன மாட்டியிருக்கிறது எல்லாம் பார். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருந்தால் படத்தைத் திருப்பிப்போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் பதிந்திருக்காது, அதைத் தேடி அலையாதே. பத்து நிமிஷ வேலை.

பத்து நிமிஷம். அதை நான் செய்யவில்லை, பாப்பா.

நீ அந்த ஆஸ்பத்திரி வராந்தா படத்தைப் போட்ட ஒன்றரை நிமிஷத்தில் "பழைய படம்" என்று எழுதினேன். நம் வாட்ஸ்அப் குரூப்பில் 43 பேர். அதற்கப்புறம் எழுதிய இரண்டு வரி உனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். லென்ஸில் போடவில்லை, யார் எடுத்தது என்று பார்க்கவில்லை. அந்தப் படம் உண்மையாக இருந்தால் நான் ஓட்டுப் போட்டவர்களுக்குக் கெட்ட பெயர். அதனால் அது பழையதாக இருக்க வேண்டியிருந்தது. 1985ல் ஒரு ஆய்வு: 1982ல் பெய்ரூட் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே டி.வி. செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டினார்கள். இரண்டு தரப்பும் இது நமக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றது. புதிதாக வரும் பையன்களுக்கு அதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அடுத்தவன் கண்ணைப் பற்றிச் சொல்வதாகத்தான் நினைத்திருக்கிறேன்.

நீ குரூப்பை விட்டுப் போய் ஏழு வாரம் ஆகிறது. போன செவ்வாய்தான் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன். ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால், தூணுக்கு இந்தப் பக்கம், தேதி கிழிக்கிற காலண்டர். எண் தெளிவாக இருக்கிறது. அதே வராந்தாவை எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த இன்னொரு படமும் கிடைத்தது, அதே காலண்டர், அதே தேதி. நீ அனுப்பிய நாள்தான்.

முதல் பக்கத்தில் தப்புப் பண்ணிவிட்டு ஏழாம் பக்க மூலையில் திருத்தம் போடுகிறவர்களைத் திட்டியே ரிட்டையர் ஆனவன் நான். தப்பு வந்த இடத்தில்தான் திருத்தமும் வர வேண்டும். நேற்று ராத்திரி குரூப்பில் போட்டுவிட்டேன். பெரியப்பா கட்டைவிரல் காட்டியிருக்கிறார், மற்றவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். நீ அங்கே இல்லாததால் உனக்கு வந்திருக்காது. போட்டது போட்டபடி கீழே எழுதுகிறேன்.

"திருத்தம்: இந்தக் குழுவில் வந்த ஆஸ்பத்திரி வராந்தா படம் பழையது என்று நான் எழுதியது தவறு. படம் அனுப்பிய அன்றே எடுக்கப்பட்டது. அனுப்பியவர் சரிபார்க்கவில்லை என்று எழுதியதும் தவறு, சரிபார்க்காதது நான். அதைத் தொடர்ந்து எழுதிய இரண்டு வரிகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை."

அப்பா