வீட்டு நாய்க் காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கக் கோரி மனு

அனுப்புநர்:
வீட்டுக் காப்பகத்தில் நாய் விடுவோர் (கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

பொருள்: வீடுகளில் பணம் வாங்கிக்கொண்டு நாய் பார்த்துக்கொள்வோருக்கு உரிமமும் ஆய்வும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு கொடுத்து, பதில் வராத எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்தின் பின்தெருவில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீட்டில் நடக்கும் நாய்க் காப்பகம் தாங்கள் அறிந்ததே. வெளியூர்ப் பயணம், ஆஸ்பத்திரி என்று எதற்குக் கிளம்பினாலும் எங்களில் பலர் நாயை விட்டுப்போவது அங்கேதான். கூண்டில் அடைபடாமல் மனிதர்களோடு வீட்டுக்குள் இருக்கட்டும் என்றுதான் விடுகிறோம். ஆகவே அதை மூடச் சொல்லி இந்த மனு இல்லை. சென்ற முறை ஆய்வுக்கு வந்தவர் நாற்றம் உண்டா, சத்தம் உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் எழுதியிருந்தது வாசல் கேட்டைப் பற்றி.

1. அந்த வீட்டில் நாய்களுக்கும் தெருவுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கேட். அதன் கொக்கி பாதிதான் விழும், காற்றுக்கே திறந்துகொள்ளும். பார்சல் கொண்டுவந்தவர் கேட்டைத் தள்ளிய நேரத்தில்தான் எங்கள் நாய் மணி வெளியே ஓடியது. குளிப்பாட்டுவதற்காகக் கழுத்துப்பட்டையைக் கழற்றியிருந்தார்கள். எங்கள் போன் நம்பர் பொறித்த அந்தப் பட்டை சமையலறை ஜன்னல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கும். காப்பகத்தில் எங்கள் நம்பரைக் குறித்து வைத்தது காலண்டர் தாளின் ஓரத்தில். மாதம் மாறியதும் தாளைக் கிழித்துவிட்டார்கள். காலையில் ஓடிய நாயைப் பற்றி, இரவு நாங்களாக விசாரித்தபோதுதான் சொன்னார்கள். பழகிய தெருவாக இருந்தால் மோப்பம் பிடித்தாவது வீடு வந்திருக்கும். விட்டு இரண்டு நாள்கூட ஆகாத இடத்தில் அது எந்த வாசலைத் தேடும்? இன்றுவரை கிடைக்கவில்லை.

2. இதற்கெல்லாம் விதி எழுத முடியுமா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இங்கிலாந்தில் எழுதியிருக்கிறார்கள். அங்கே 2018 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, தொழிலாக வீட்டில் நாய் வைத்துக்கொள்பவர் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆய்வு முடிந்த பிறகே உரிமம். நாய்க்கும் வெளிவாசலுக்கும் இடையே குறைந்தது இரண்டு பாதுகாப்பான தடுப்புகள் இருக்க வேண்டும். இரண்டு, ஐயா! வெவ்வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து வைக்க ஒவ்வொரு உரிமையாளரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். 24 மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூண்டில் அடைக்கக் கூடாது. உரிமையாளரின் முகவரி, தொலைபேசி, அவசரத்துக்கு வேறொருவரின் எண், நாயின் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பின் அடையாள எண் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். காலண்டர் தாளில் அல்ல.

3. தடுப்பூசி. நாய்களைக் கொல்லக்கூடிய பார்வோ கிருமி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். அட்டை காட்டாத நாயைச் சேர்க்கக் கூடாது. இது எங்களையும் கட்டுப்படுத்தட்டும். நாயைக் கொண்டுவிடும் எங்கள் மீதும் விதி போடுங்கள், மறுக்கவில்லை.

4. கால்நடைத் துறையில் கேட்டால் நகராட்சிக்குப் போ என்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் கால்நடை மருத்துவரைப் பார் என்கிறார்கள். காவல் நிலையத்தில் 'நாய்தானே' என்று சிரிக்கிறார்கள். டீக்கடை போட்டால் மறுநாளே உரிமம் எங்கே என்று வந்து நிற்கும் அலுவலகம், பிறர் வீட்டு உயிர்களைக் காசு வாங்கிக்கொண்டு வைத்திருக்கும் வீட்டை எட்டிப்பார்க்காதது ஏன்? பின்தெருவுக்கு வர ஜீப் கூட வேண்டாமே! மனு கொடுத்தால் முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டு வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. பதில் இல்லை என்று கேட்கப் போனால் புது மனு எழுதச் சொல்கிறார்கள். இதோ எழுதியிருக்கிறோம்.

5. மறுபடியும் கேட். இந்த நிமிடம் வரை அதே கொக்கிதான். விடுமுறைக் காலம் வந்தால் அங்கே நாய்கள் இரட்டிப்பாகும்.

ஆகவே ஐயா அவர்கள், உரிம நடைமுறை வரும்வரை காத்திராமல், இந்த ஒரு வீட்டையாவது உடனே நேரில் பார்த்து, உட்பக்கம் இன்னொரு கதவு போடவும், பதிவேடு வைக்கவும், நாய் தப்பி ஓடினால் அந்த நேரமே உரிமையாளருக்குச் சொல்லவும் எழுத்தில் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்து, வீட்டுக் காப்பகங்கள் அனைத்துக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கி, யார் யாரிடம் உரிமம் இருக்கிறது என்ற பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டுகிறோம். இது எந்தத் துறையின் பொறுப்பு என்பதையாவது ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். முதலில் அந்த இரண்டாவது கதவு, ஐயா. தயவுசெய்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காப்பகத்தில் நாய் விடுவோர்

இணைப்பு: மணியின் புகைப்படம், தடுப்பூசி அட்டை நகல், கையொப்பத் தாள், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.