உரக்கிடங்கில் தழைக் குவியல்களை முறையாகப் புரட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
உரக்கிடங்குச் சாலைக் குடியிருப்பாளர்கள் சார்பாக,
வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தோட்டக் கழிவுக் குவியல்களைப் புரட்ட வாரம் இரு நாள் ஜேசிபி ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் வெட்டும் கிளை, தழை, தென்னை மட்டை எல்லாம் எங்கள் தெருக்கோடியில் உள்ள உரக்கிடங்குக்குத்தான் வருகின்றன. கிடங்கை இடம் மாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற கிடங்கு ஒழுங்காக நடந்தால் போதும்.

வேம்பு இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் சருகு லோடு லோடாக வந்து இறங்குகிறது. நீளவாக்கில் வரிசை கட்டிக் குவிப்பதோடு வேலை நின்றுவிடுகிறது. கடந்த பங்குனியில் ஒரு குவியல் மூன்று நாள் புகைந்தது. யாரும் தீ வைக்கவில்லை என்றார் காவலாளி. நம்புகிறேன். உயரமான குவியலில் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே தானாகவே கனலும். ஐப்பசி மழையிலோ அதே குவியல் ஊறி, காற்றோட்டமின்றி அழுகிய முட்டைபோல நாறுகிறது. வீட்டு வாசலில் சருகு கொளுத்தினால் 5,000 ரூபாய் கட்டச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவு இருக்கிறது. சரி, கிடங்குப் புகைக்கு யார் கட்டுவது?

புகைக்கும் நாற்றத்துக்கும் மருந்து ஒன்றே, புரட்டிப் போடுவது. குவியல் ஆறடிக்கு மேல் உயரக் கூடாது. உள்ளே 55 டிகிரிக்குக் குறையாத சூடு 15 நாள் நிற்க வேண்டும்; அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். அப்போதுதான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். ஈரம் பார்க்கக் கருவிகூட வேண்டாம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வந்தால் சரியான பதம். வெறும் சருகு மட்டும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பச்சைப் புல்லோ சாணமோ கலக்க வேண்டும். தென்னை மட்டையைத் துண்டாக்காமல் போட்டால் வருஷமானாலும் மட்காது. அதற்கான இயந்திரம் கிடங்கிலேயே இருக்கிறது. பெல்ட் அறுந்து, தை மாதத்திலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது.

ஆகவே, வாரம் இரு நாள் ஜேசிபியை இந்தப் பணிக்கென ஒதுக்கவும், அந்த பெல்ட்டை மாற்றித் தரவும் வேண்டுகிறோம். நீளக் கம்பி வெப்பமானி ஒன்று வாங்கி, தினமும் அளவெடுத்துக் கிடங்கு வாசல் பலகையில் எழுதிவைத்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம், போன் செய்து உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். ஐப்பசிக்கு முன் குவியல்களைச் சரிவின் போக்கிலேயே மாற்றி அமைத்தால் மழைநீர் இடையில் தேங்காமல் ஓடிவிடும். அப்புறம், புரட்டும்போது பூஞ்சைத் தூசி கிளம்பும். தொழிலாளர்களுக்கு முகக்கவசம் கொடுங்கள். காற்று வீடுகள் பக்கம் வீசாத நேரத்தில் புரட்டச் சொன்னால் எங்களுக்கும் நல்லது.

இந்த மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒருமுறை நேரில் வந்து பார்வையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உரக்கிடங்குச் சாலைக் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: புகைந்த குவியலின் புகைப்படங்கள், கையெழுத்துப் பட்டியல்.